பூட்டிக் கிடந்த வீட்டில் பிழைத்த ஐரிஸ், நான் கவனித்த பாத்தியில் அழுகியது ஏன்?

காந்தளூர்ப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மறையூரிலிருந்து மேலே ஏறினால் வரும் காந்தளூரில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் துரை பங்களாவின் தோட்டக்காரராக இருந்த தாத்தா, ஓய்வு பெற்று லயத்தை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை) காலி செய்துவிட்டு வந்தபோது, பாத்திரம் பண்டங்களோடு ஒரு சாக்கில் ஐரிஸ் கிழங்குகளையும் கட்டிக்கொண்டு வந்தார் என்று ஆச்சி சொல்வார். ஐரிஸ் என்ற பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 'பங்களாப் பூ' என்றுதான் சொல்வோம். வாள் போன்ற இலைகள் விசிறியாக விரிந்திருக்கும். நடுவிலிருந்து எழும் தண்டில் வெளிர் ஊதா நிறத்தில் பூக்கும். மூன்று இதழ்கள் மேல்நோக்கிக் குவிந்து நிற்க, மற்ற மூன்றும் நாக்கு நீட்டியதுபோலக் கீழே தொங்கும்.

ஆச்சி காலமான பிறகு வீடு 11 ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. சென்ற ஆண்டு ஜனவரியில் நான் திரும்பி வந்தபோது முற்றத்தை உண்ணிச்செடி மூடியிருந்தது. ரோஜா இல்லை, டேலியா இல்லை, ஆச்சி குழந்தைபோல வளர்த்த ஹைட்ராஞ்சியா இருந்த இடத்தில் காய்ந்த குச்சிகள் நாலைந்து நின்றன. ஆனால் முற்றத்தின் தெற்கு ஓரக் கல்கட்டின் மேல், மலையாளத்தில் கய்யாலை என்பார்களே, அந்தக் கற்களின் இடுக்குகளில் பங்களாப் பூ மட்டும் ஒரு பாய் அகலத்திற்குப் பரவியிருந்தது. ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆடுகள்கூட வாய் வைக்கவில்லை.

அந்த மகிழ்ச்சியில் நான் ஒரு காரியம் செய்தேன். பாதியை மண்வெட்டியால் பெயர்த்தெடுத்து, வீட்டின் பின்புறம் கேரட் போட்டிருந்த பாத்தியைக் கொத்தி, இரண்டு கூடை மாட்டுச்சாணம் கலந்து, அன்றைக்கே நட்டுவிட்டேன். இஞ்சி நட்டுப் பழகிய கை என்பதால் மூன்று விரற்கடை ஆழத்தில் கிழங்கைப் புதைத்து, மேலே காய்ந்த இலைகளால் மூடாக்கும் போட்டேன். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். ஏப்ரலில் கல்கட்டின் மேல் விட்டுவைத்த பாதியில் 7 பூக்கள் வந்தன. பாத்தியில் இலைகள் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஜூன் மாதச் சாரல் தொடங்கிய பிறகு அந்த இலைகள் ஒவ்வொரு விசிறியாகச் சாய்ந்தன. கையால் இழுத்தால் வேரோ கிழங்கோ இல்லாமல் இலை மட்டும் கையோடு வந்தது. இதற்கிடையே சில்வர் ஓக் மரத்தடியில் இன்னொரு சிறு கூட்டம் இருக்கிறது. அது சாகவும் இல்லை, இதுவரை பூக்கவும் இல்லை.

யாருமே பார்க்காத இடத்தில் வாழ்ந்த செடி, பார்த்துப் பார்த்து வளர்த்த இடத்தில் செத்ததற்குக் காரணம் என்ன? பாத்தியில் மிச்சமிருக்கும் சிலவற்றைக் காப்பாற்ற வழி உண்டா? பாலக்காட்டில் இருக்கும் என் தங்கை தனக்கும் சில கிழங்குகள் வேண்டும் என்கிறாள்; கொடுத்தால் அங்கே வருமா?

மூணாறு மழைக்காலம் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் முழுவதும் இருக்கிறது. சற்று வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் செடி கவனிப்பு இல்லாமலும் பிழைத்துக்கொண்டது என்று நீங்கள் வியக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அதற்கு வேண்டிய கவனிப்பு அத்தனையையும் அந்தக் கல்கட்டு 11 ஆண்டுகளும் செய்துகொண்டிருந்தது என்பேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கீழே தொங்கும் இதழ்களின் நடுவே கம்பளிப்புழு படுத்திருப்பதுபோல மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு மயிர்க்கோடு இருந்தால், அது 'தாடி ஐரிஸ்' என்று தோட்டக்காரர்கள் சொல்லும் வகை. பழைய பங்களாக்களில் இருந்தவற்றைப் பற்றி நான் அறிந்தவரையில் உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். ஐரிஸ் இனத்தில் ஏறத்தாழ 300 சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றுள் சதுப்பில் வேர் நனைய நிற்பவையும் உண்டு, பாறையில் காய்பவையும் உண்டு. ஆகையால் 'ஐரிஸுக்குத் தண்ணீர் வேண்டுமா' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் கிடையாது. தாடி ஐரிஸ் காய்கிற கட்சி.

நீங்கள் கிழங்கு என்று சொல்வதைப் பள்ளிப் பாடநூலில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்போம். இஞ்சியும் அதுதான் என்பதால் உங்கள் கை பழகிய வழியில் போய்விட்டது. இஞ்சி மண்ணுக்குள் மூடாக்கின்கீழ் இருக்க விரும்பும். ஐரிஸ் கிழங்கோ, குளத்தில் மிதக்கும் வாத்தின் முதுகைப்போல, மேற்பாதி மண்ணுக்கு வெளியே தெரியும்படி படுத்திருக்க விரும்பும். வெயில் அந்த முதுகில் நேரடியாகப் பட வேண்டும். அடிப்பக்கத்து வேர்கள் மட்டும் மண்ணைப் பிடித்திருந்தால் போதும். கல் இடுக்கில் மூடிக்கொள்ள மண் இல்லை. பெய்த மழை அரை மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. பகல் முழுவதும் தெற்கு வெயில். மழை நின்று வறட்சி வந்தால், கிழங்கில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தையும் நீரையும் வைத்துக்கொண்டு செடி பேசாமல் காத்திருக்கும். மண்ணே இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் என்பதால்தான் மேல்நாட்டு நாற்றங்கால்கள் இந்தக் கிழங்குகளைத் தாளில் சுற்றித் தபாலில் அனுப்புகின்றன.

இனி பாத்திக்கு வருவோம். அழுகிய கிழங்கைக் கையில் எடுத்தீர்களா? தோல் முழுசாக இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே வெளிர்மஞ்சள் கூழாக நசுங்கி, மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறும். மூட்டையில் கெட்டுப்போன முட்டைக்கோஸையோ உருளைக்கிழங்கையோ தூக்கியவர்களுக்கு அந்த நாற்றம் புதிதல்ல, ஏனென்றால் இரண்டும் ஒரே வேலைக்காரனின் வேலை. மென்னழுகல் என்று சொல்லப்படும் அந்த நோயை உண்டாக்கும் பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா கேரட், கோஸ், உருளை, ஐரிஸ் எல்லாவற்றிலும் பெரும்பாலும் காயத்தின் வழியாகவே நுழைகிறது. மண்வெட்டியால் வெட்டினீர்கள், வெட்டுவாய் ஆறுவதற்குள் புதைத்தீர்கள், அதுவும் கேரட் நின்ற மண்ணில் புதைத்தீர்கள், மேலே சாணத்தையும் ஈரத்தையும் மூடாக்கையும் கொடுத்தீர்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் முதல் ஆண்டு இதையேதான் செய்தேன், அதுவும் மூணாற்று மழையில். எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், பூ வராது, திசு மென்மையாகி நோய்க்கு இடம் கொடுக்கும். கொழுகொழுவென்ற இலையைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்த மாதங்களில்தான் செடி பலவீனமாகிக்கொண்டிருந்தது.

மிச்சமிருப்பவற்றை இன்றே தோண்டி எடுங்கள். கூழான பகுதியைக் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் சீவி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் துடையுங்கள். இல்லாவிட்டால் நோயை நீங்களே கிழங்குக்குக் கிழங்கு கொண்டு செல்வீர்கள். இலைகளை ஒரு சாண் உயரத்திற்கு விசிறி வடிவிலேயே கத்தரித்துவிட்டு, மழை படாத திண்ணையில் வெட்டுவாய் தக்கைபோலக் காயும்வரை நாலைந்து நாள் போட்டுவையுங்கள். பிறகு அந்தப் பாத்தியை மறந்துவிட்டுக் கல்கட்டின் பக்கமே போங்கள்.

கொல்லங்கோட்டு வெயில் எழுதியது:

பாலக்காட்டுத் தங்கைக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் மற்றதெல்லாம் மேலே எழுதிய அம்மையாருக்குத்தான் தெரியும். கொடுக்க வேண்டாம். கணவாய் வழியாக வீசும் காற்றும் மார்ச் மாத வெயிலும் ஒருபுறமிருக்க, தாடி ஐரிஸுக்குப் பூ மொட்டு உருவாகக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும். எங்கள் ஊரில் அது கிடையாது. நான் இரண்டு முறை ஊட்டியிலிருந்து வாங்கிவந்து நட்டேன். இலை ஓராண்டு நின்றது, பூ என்ற பேச்சே இல்லை, அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டது.

ஆனால் ஐரிஸ் குடும்பத்தையே கைவிட வேண்டியதில்லை. தோட்டக்காரர்கள் 'நடக்கும் ஐரிஸ்' என்று சொல்லும் நியோமாரிகா எங்கள் வீட்டு வடக்குச் சுவரோர நிழலில் பல ஆண்டுகளாக இருக்கிறது. பிரேசில் நாட்டுச் செடி. பூ ஒரு நாள்தான், மாலையில் சுருண்டுவிடும். பூத்த தண்டின் நுனியிலேயே ஒரு குட்டிச் செடி முளைத்து, பாரம் தாங்காமல் தண்டு சாய்ந்து, குட்டி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு, அங்கிருந்து அடுத்த அடி எடுத்து வைக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

வெயிலுக்கு வேண்டுமென்றால், ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளிகளோடு ஆறு இதழ் விரிக்கும் ஒன்று இருக்கிறது. வாடும்போது இதழ்கள் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல முறுக்கிக்கொள்ளும். காய் வெடித்தால் உள்ளே கறுத்துப் பளபளக்கும் மணிகள் கொத்தாக உட்கார்ந்திருக்கும். நெடுங்காலம் பெலம்கண்டா என்று தனிப்பெயரில் இருந்ததை 2005-இல் தாவரவியலார் ஐரிஸ் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே தங்கையும் தன் வீட்டில் ஐரிஸ் இருக்கிறது என்று நேர்மையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

குமுளிச் சாரல் எழுதியது:

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இலை, கிழங்கு இரண்டையும் வைத்துப் பார்த்தால் இது வசம்பாக இருக்கக்கூடாதா? என் அம்மா இப்படியொரு செடியை வசம்பு என்றுதான் சொல்வார்.

மூணாறு மழைக்காலம் எழுதியது:

நல்ல வேளை, கேட்டீர்கள். பூ இல்லாத நாளில் இரண்டும் அண்ணன் தம்பிபோலத்தான் தெரியும், ஆனால் உறவே இல்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வசம்பென்றால் அந்த வாசனையை எந்தத் தமிழ் வீட்டிலும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரிஸ் இலையில் வெறும் பச்சை வாடைதான் இருக்கும். வசம்பு வாய்க்கால் ஓரத்தில், சேற்றில் வளர்வது. காந்தளூர்த் தம்பியின் கல்கட்டின்மேல் அது ஒரு கோடையைத் தாண்டாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேனென்றால், பேர் சொல்லா மருந்து, பிள்ளை வளர்ப்பான் என்றெல்லாம் சொல்லிக் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐரிஸ் கிழங்கு நச்சுத்தன்மை உள்ளது. வாயிலும் வயிற்றிலும் எரிச்சலையும் வாந்தியையும் உண்டாக்கும். பக்கத்து வீட்டு ஆடுகள் வாய் வைக்காததற்கும் அதுவே காரணம். வீட்டில் இரண்டும் இருந்தால் அருகருகே காயவைக்காதீர்கள்.

ஆரியங்காவு பழைய சிப்பாய் எழுதியது:

நான் தோட்டக்கலை அறிந்தவன் அல்லன். பணியில் இருந்தபோது காஷ்மீரில் சில ஆண்டுகள் கழித்தேன். இந்தச் செடியைப் பற்றி அங்கே கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அங்கே கல்லறைத் தோட்டங்கள் ஐரிஸ் தோட்டங்களாகவே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சாய்ந்துகிடக்கும் நடுகற்களுக்கு இடையே வெள்ளையும் ஊதாவுமாக நிற்கும். யாராவது வந்து பராமரிக்கிறார்களா என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டபோது, புதைக்கும் நாளில் நட்டுவிட்டால் பிறகு அது தன்பாட்டில் இருக்கும் என்றார். வெள்ளை ஐரிஸ் வகை ஒன்று அரேபியப் பகுதியிலிருந்து முஸ்லிம்களின் கல்லறைகள் வழியாகவே ஸ்பெயின்வரை போயிருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். அது விதை வைக்காத வகை. மனிதன் கிழங்கைப் பிட்டுக் கொண்டுபோனால் ஒழிய ஓரடிகூட நகராது. காந்தளூர்ப் பேரனின் தாத்தா சாக்கில் கட்டிக்கொண்டு வந்ததைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்று. அங்கே பழைய வீடுகளின் கூரையில் பூர்ஜ மரப்பட்டையைப் பல அடுக்காகப் பரப்பி, மேலே மண்ணைப் போட்டுவிடுவது அந்நாளைய வழக்கம். மண் பிடித்து நிற்பதற்காக அதில் புல்லும் பூச்செடிகளும் வளரவிடுவார்கள். பனிக்காலம் முழுவதும் அந்தக் கூரைமேல் பனி கிடக்கும், கோடையில் அதே மண் ஓடுபோலக் காயும். அங்கும் ஐரிஸ் பூத்திருக்கும். ஜப்பானில் வைக்கோல் கூரைமேல் வளர்ந்த ஓர் ஐரிஸுக்குத் 'கூரையில் வளர்வது' என்று பொருள்படும் லத்தீன் பெயரையே தாவரவியலார் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே அம்மையார் சொல்லும் வடிகாலை நான் மறுக்கவில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டதே நல்லது என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம். நான் பார்த்த பழைய கல்லறைகளில் ஐரிஸ் வளையம் வளையமாகத்தான் நின்றது, நடுவில் வழுக்கை. ஒரு பாய் அகலம் என்கிறாரே, அதன் நடுப்பகுதியில் பூ வந்ததா என்று கேட்க விரும்புகிறேன்.

மூணாறு மழைக்காலம் எழுதியது:

ஐயா சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ஒரு விசிறி ஒரு முறைதான் பூக்கும். பூத்த துண்டு அதன்பின் பூக்காது. பக்கங்களில் கன்று ஈன்று, அவற்றுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். கன்றுகள் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போவதால் நடுவில் பழைய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்து நட்டால்தான் நிறையப் பூக்கும். ஒரு பாய் அகலத்திற்கு 7 பூ என்பது, உண்மையைச் சொன்னால், மிகக் குறைவு. பிழைப்பது வேறு, பூப்பது வேறு. சில்வர் ஓக் அடியில் இருப்பதற்கும் இதே பதில்தான்: நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் இல்லாவிட்டால் அது இலையோடு காலம் தள்ளுமே தவிரப் பூக்காது. மரத்தை வெட்ட வேண்டாம், செடியை மாற்றுங்கள்.

காந்தளூர்ப் பேரன் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பதில் சொல்ல இத்தனை மாதம் ஆனதற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

பாத்தியைத் தோண்டியபோது மூணாற்று அக்கா எழுதிய அதே நாற்றம். கேரட் மூட்டை தூக்கிய அனுபவம் எனக்கும் உண்டு, எப்படி அடையாளம் தெரியாமல் போயிற்றோ. 20-க்கு மேல் நட்டதில் 5 துண்டுகள்தான் தேறின. அவற்றைச் சீவித் திண்ணையில் ஒரு வாரம் போட்டேன். ஆரியங்காவு ஐயா கேட்டதும் சரி: கல்கட்டுக் கூட்டத்தின் நடுவில் கைவிட்டுப் பார்த்தால் இலையே இல்லை, கறுத்துச் சுருங்கி வரிவரியாக வளையம் விழுந்த பழைய கிழங்குகள், கோழிக்கால்போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. 7 பூவும் ஓரத்தில்தான் வந்திருக்கின்றன. வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு ஜனவரியில் அதையும் பிரித்தேன். சில்வர் ஓக் அடியில் இருந்தவற்றையும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கல்கட்டின் முழு நீளத்திற்கும் ஒரு முழ இடைவெளியில், முதுகு தெரியும்படி வைத்தேன். முதல் இரண்டு வாரம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். பிறகு கையைக் கட்டிக்கொண்டேன். ஊருக்குள் நடந்து போகிற பெரியவர் ஒருவர், 'என்னப்பா, நட்டுவிட்டு மண் அணைக்க மறந்துவிட்டாயா' என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

இந்த ஏப்ரலில் 4 பூ. பிரித்த ஆண்டில் குறையும் என்று எதிர்பார்த்தேதான் இருந்தேன். அக்கா கேட்ட மயிர்க்கோடும் இருக்கிறது, மஞ்சள் நிறத்தில்.

கொல்லங்கோட்டு நண்பர் வேண்டாம் என்று எழுதுவதற்கு முன்பே தங்கை ஒரு கிழங்கைத் தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நட நேரமில்லாமல் சமையலறைப் பரணில் வைத்து மறந்துவிட்டிருக்கிறாள். ஐந்து வாரம் கழித்துப் பாத்திரம் எடுக்கப்போனபோது தாளைக் கிழித்துக்கொண்டு பச்சை முனை ஒன்று வெளியே வந்திருந்ததாம். படம் எடுத்து அனுப்பினாள். பாலக்காட்டில் நட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் உடுமலைப்பேட்டை, சின்னாறு வழியாக வருகிற உறவினர் கையில் கொடுத்தனுப்புகிறாள். கல்கட்டின் மேற்கு முனையில் இரண்டு கற்களுக்கு நடுவே அதற்கு ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறேன்.